மூன்று தரம் தட்டினாள்

பேருந்து ஓட்டும் பெண்ணைப் பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் பஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நூலகத்தில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பெண் லைப்ரரி. கேக் செய்யும் குண்டு மனிதர் பேக்கரி. சொல்லிக்கொடுப்பவர் மட்டும் மாஸ்டர்.

கூடம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் முதல் மாடியில் இருந்தது. சுவரிலிருந்து சுவர் வரை நீல மெத்தை. அங்கே அவர்கள் பழகியது பிரேசிலிய ஜியு-ஜிட்சு. குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. ஆளைத் தரையில் சாய்த்து, கையிலோ கழுத்திலோ பூட்டுப் போட வேண்டும். மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பையோ மெத்தையையோ தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். முதல் நாள் முதல் பாடமே அதுதான். அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஒருவர் கழுத்தை இன்னொருவர் கையில் கொடுக்கிறார்.

பஸ் முப்பத்து நான்கு வயதில் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு சேர்ந்தவள். நாள் முழுக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது, உடம்பை அசைக்கலாமே என்று வந்தாள். முதல் ஆறு மாதம் வந்தவர் போனவரெல்லாம் அவள் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அதன் பிறகு உட்காரவிடவில்லை. இரண்டரை வருடத்தில் நீல பெல்ட். அதன் நுனியில் ஒவ்வொன்றாக நான்கு வெள்ளைக் கோடுகள். நான்காவது விழுந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. அடுத்தது ஊதா. அவளுக்கும் நாற்பது ஆகிவிட்டது.

"கல்யாணத்தன்னைக்குக்கூட உன் முகத்துல இவ்வளவு ஆசையை நான் பார்க்கலையேம்மா" என்பார் தையல்காரரான அவள் கணவர். "அன்னைக்கு நீங்க கெடைக்கிறது உறுதியாத் தெரிஞ்சுபோச்சே" என்பாள் அவள்.

மாஸ்டருடைய மனைவியின் தம்பி ஊதாவுக்கும் மேலே, பழுப்பு பெல்ட். அவர் கூப்பிடுவது போலவே எல்லோரும் அவனை மச்சான் என்பார்கள். நல்ல கைகாரன். ஆனால் ஒரு கெட்ட வழக்கம். எதிராளி தட்டிய பிறகும் கொஞ்சம் இறுக்கிவிட்டுத்தான் விடுவான். "விட்டாச்சு, விட்டாச்சு" என்று சிரிப்பான். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. பஸ்ஸும் கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை மாலை மச்சான் லைப்ரரியின் கையைப் பூட்டிலே போட்டான். பஸ் அப்போதுதான் ஒரு சுற்று முடித்து, இரண்டு முழ தூரத்தில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். லைப்ரரி அவன் தொடையில் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். பிறகு மெத்தையில் ஓங்கித் தட்டி "விடு!" என்று கத்தினாள். அதற்கப்புறம்தான் ஈரத் துணியைக் கிழிப்பது போன்ற அந்தச் சத்தம் கேட்டது.

லைப்ரரியைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் பஸ்ஸின் நாத்தனார் நர்ஸ். அவள்தான் வெளியே வந்து சொன்னாள். "எலும்பு தப்பிச்சுது அண்ணி. முழங்கையில தசைநார் கிழிஞ்சிருக்கு. ஆறு மாசமாவது ஆகும். வலது கை வேற. பாவம், புத்தகத்தைக்கூட தூக்க முடியாது."

மறுநாள் மாஸ்டர் பஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு லேட்டாத் தட்டிட்டா. நீ பக்கத்துலதானே இருந்தே?"

"லேட்டா இல்ல மாஸ்டர். மூணு தரம் தட்டினா. கத்தவும் செஞ்சா."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "இங்க பாரு, இந்த ஆட்டத்துல அடி படத்தான் செய்யும். பசங்க ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க. ஞாயித்துக்கிழமை பெல்ட் குடுக்கிற நாள். உனக்கு ஊதா எடுத்து வச்சிருக்கேன். கட்டினதும் ரெண்டு வார்த்தை சொல்லு. லேட்டாத் தட்டினா, நான் பார்த்தேன்னு. உன் பேச்சுன்னா எல்லாரும் கேட்பாங்க."

அவள் பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் ஒரு சட்டைக்குக் கை மடித்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தினார்.

"என்ன பண்ணப் போறே?"

"பெல்ட்டை வாங்கிக்குவேன். ஆறு வருஷம் மெத்தையில உருண்டிருக்கேன், அது என்னோடது. பொய் மட்டும் சொல்ல மாட்டேன்."

"ரெண்டும் சேர்ந்து கெடைக்காதேம்மா."

"அது அவர் கவலை."

பதினைந்து வயது மகள் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நானும் வரேன்மா. நீ சண்டை போட்டா நேர்ல பார்க்கணும்."

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. லைப்ரரியும் கட்டுப் போட்ட கையோடு வந்து கதவோரம் நின்றாள். மாஸ்டர் ஒவ்வொருவராக அழைத்துக் கட்டிவிட்டார். கடைசியாக பஸ். நீலத்தை அவிழ்த்து அவள் தோளில் போட்டுவிட்டு, ஊதா பெல்ட்டை இடுப்பில் சுற்றி முடிச்சை இறுக்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. புதுத் துணியின் விறைப்பு வயிற்றில் பட்டபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"பஸ் ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார் மாஸ்டர்.

"புதன்கிழமை நான் ரெண்டு முழ தூரத்துல இருந்தேன்" என்றாள் அவள். "லைப்ரரி மூணு தரம் தட்டினா. விடுன்னு கத்தினா. மச்சான் விடலை. அவன் என்கிட்டயும் இதே மாதிரி செஞ்சிருக்கான். உங்கள்ல பாதிப் பேர்கிட்ட செஞ்சிருக்கான். நான் அன்னைக்கே வாயைத் திறந்திருந்தா இந்தப் பொண்ணு கை இன்னைக்கு நல்லா இருந்திருக்கும். அது என் தப்பு. கையைக் கெடுத்தது அவன் தப்பு."

மச்சான் முகம் கறுத்து எழுந்தான். மாஸ்டர் மெதுவாக அருகே வந்து, "பெல்ட்டைக் கழட்டு" என்றார்.

"நீங்கதானே கட்டினீங்க. நீங்களே கழட்டுங்க."

அத்தனை பேர் முன்னால் அவர் குனிந்து அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. இறுக்கிக் கட்டியிருந்ததால் உடனே வரவில்லை. நகத்தால் நெம்பினார். அவள் கைகளை இரு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள். ஊதா போனதும் அவர் தோளில் கிடந்த நீலத்துக்குக் கை நீட்டினார். அவள் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினாள்.

"இது வேணாம் மாஸ்டர். இதுக்கு நான் எந்த வார்த்தையும் தர்றதாச் சொல்லலை."

நீலத்தைக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் மகள், லைப்ரரி, கொஞ்சம் யோசித்துவிட்டு பேக்கரி, இன்னும் இரண்டு பேர்.

ஒரே வாரத்தில் மாஸ்டர் ஊரிலிருந்த மற்ற கூடங்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். நன்றி கெட்டவள், கலகக்காரி, சேர்த்துக்கொள்ளாதீர்கள். இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தாள். இரண்டிலும் இடமில்லை என்றார்கள். கண்ணெதிரே பாதி மெத்தை காலியாகக் கிடந்தது.

பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களின் பழைய உடைமாற்றும் அறை பூட்டியே கிடந்தது. மேலாளரைக் கேட்டாள். "குஸ்தியா?" என்றார் அவர். "அது மாதிரிதான் சார்." "டிரைவர்ங்க யாரையும் நொண்டியாக்கிடாதீங்க, திங்கட்கிழமை வண்டி ஓடணும்" என்று சாவியைக் கொடுத்தார். பேக்கரி எங்கிருந்தோ பழைய மெத்தைகள் கொண்டுவந்தார். ஞாயிறு மூன்று மணி என்று நேரம் வைத்தார்கள்.

"மாஸ்டர் யாரு?" என்று கேட்டார் பேக்கரி.

"யாருமில்லை. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லுவோம்."

"அப்ப பெல்ட் யாரு குடுப்பா?"

"இப்போதைக்கு இடுப்புல இருக்கிறது அவுந்து விழாம இருந்தாப் போதும்."

நாலு மாதம் கழித்து ஒரு போட்டி வந்தது. விண்ணப்பத்தில் பயிற்சியாளர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. பஸ் அதில் லைப்ரரியின் பெயரை எழுதினாள். மேசைக்குப் பின்னாலிருந்தவர், கையில் பட்டை மாட்டிய அந்த வெள்ளை பெல்ட் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்களா பயிற்சியாளர்?"

"எங்கள்ல நல்லாப் படிச்சவ அவதான். எழுதிக்குங்க."

முதல் இரண்டு ஆட்டத்தில் பஸ் ஜெயித்தாள். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தவளுக்கு இருபத்திரண்டு வயது. லைப்ரரி ஓரத்தில் நின்று தொண்டை கட்டும் வரை "இடுப்பு அக்கா, இடுப்பு!" என்று கத்தினாள். இரண்டே புள்ளியில் பஸ் தோற்றாள்.

அந்த ஆட்டத்துக்கு நடுவராக இருந்தவள் கறுப்பு பெல்ட், மற்றவர்களுக்கு பெல்ட் தரும் உரிமை உள்ளவள். தொழிலில் பல் டாக்டர். தண்ணீர் குடிக்கும் இடத்தில் பஸ்ஸிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க இன்னும் நீலத்துல ஏன் இருக்கீங்க? ஊதா தரலையா?"

"தந்தாங்க டாக்டர். ரெண்டு நிமிஷம் கட்டியிருந்தேன்."

முழுக் கதையையும் கேட்டு டாக்டருக்குக் காது சிவந்துவிட்டது. "இதோ, இங்கேயே நான் தரேன்" என்றாள்.

"வேணாம். நீங்க என்னைப் பார்த்தது அரை நாள். பாவம் பார்த்துக் குடுக்கிறது எனக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை பணிமனைக்கு வந்து என்கூட உருண்டு பாருங்க. தகுதி இருந்தாச் சொல்லுங்க, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க."

டாக்டர் வந்தாள். முதல் ஞாயிறே அறையில் இருந்த அத்தனை பேரையும் வரிசையாகத் தட்ட வைத்தாள். பஸ்ஸை ஐந்து தரம். ஒவ்வொரு தரமும் கை பட்டதும் விட்டாள்.

"எப்படி டாக்டர்?"

"ஊதா இல்லை. உங்க இடது பக்கம் காலி வீடு. யார் வேணும்னாலும் உள்ள வந்துட்டுப் போகலாம்."

அன்று இரவு பஸ் சரியாகச் சாப்பிடவில்லை. மாஸ்டர் கண்ணுக்குத் தெரிந்த தகுதி இவள் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. மறு ஞாயிறு முதல் ஆளாக வந்து இடது பக்கமாகவே படுத்தாள். அடுத்த ஒன்பது மாதமும் அப்படித்தான். பேக்கரியின் நூறு கிலோவை இடது பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வெளியே வரப் பழகினாள். ஒரு விலா பிசகியது. நாத்தனார் பட்டை சுற்றிக்கொண்டே திட்டினாள். "அண்ணி, நாற்பத்தொண்ணு வயசு." "விலாவுக்கு அது தெரியாது, இறுக்கிச் சுத்து."

லைப்ரரி அடிபட்ட எட்டாவது மாதம் மெத்தைக்குத் திரும்பினாள். யார் கையைத் தொட்டாலும் முதலில் உடனே தட்டினாள். தட்டினாலும் தட்டாவிட்டாலும் விட்டார்கள். மெல்ல மெல்ல அவளாகவே கையை நீட்டத் தொடங்கினாள்.

ஒரு சாதாரண ஞாயிறு. பஸ் இடது பக்கமாகப் புரண்டெழுந்து டாக்டரின் முதுகுப் பக்கம் போய்க் கழுத்தைப் பிடித்தாள். டாக்டர் அவள் கையில் தட்டினாள். எழுந்து உட்கார்ந்து, கழுத்தைத் தடவிக்கொண்டு, பைக்குள்ளிருந்து ஊதா பெல்ட்டை எடுத்தாள். "மூணு வாரமா இதைச் சுமந்துக்கிட்டுத் திரியறேன். இன்னைக்குத் தரலேன்னா என் கழுத்துக்கு ஆபத்து." கைதட்ட ஒன்பது பேர்தான் இருந்தார்கள். கட்டி முடித்ததும் அடுத்த சுற்று ஆரம்பித்தது.

செய்தி எப்படியோ சைக்கிள் கடை மாடிக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை, வண்டியைக் கடைசி நிறுத்தத்தில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாஸ்டரின் போன் வந்தது.

"யாரோ உனக்கு ஊதா கட்டினாங்களாம். நான் அதை ஒத்துக்க மாட்டேன்."

"நீங்க ஒத்துக்கணும்னு யாரும் கேட்கலையே மாஸ்டர். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு இங்க கதவு திறந்திருக்கும். சந்தேகம் இருந்தா வந்து என்கூட உருண்டு பாருங்க. மச்சானையும் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒரு சட்டம்தான். தட்டினா விடணும்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அவள் தேநீரை முடித்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வரவில்லை, மச்சானும் வரவில்லை. மூன்றே காலுக்கு அந்தக் கூடத்து மாணவிகள் இரண்டு பேர் பையும் கையுமாக வாசலில் வந்து நின்றார்கள்.

"சேர்த்துக்குவீங்களா அக்கா?"

"செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க" என்றாள் பஸ்.