நடுத்தூண்

தனபாலின் உடல்மேல் போர்த்தியிருந்த வெள்ளை வேட்டியில் மறுபடியும் மண் உதிர்ந்தது. மகள் சண்முகப்பிரியா அதைத் தட்டிவிட்டாள். கண்ணைத் துடைப்பவள்போல் முந்தானையை எடுத்துக்கொண்டு மேலே பார்த்தாள். உத்திரத்து விரிசலில் நேற்று ஒரு விரல் நுழையாது. இன்று மூன்று விரல் நுழையும்.

அந்த வீடு தாத்தா காலத்து வண்டிப்பட்டறை. பார வண்டி உள்ளே வந்து திரும்புகிற அகலத்துக்கு வாசல். உலைப் புகை போக உயரமான ஓட்டுக்கூரை. குறுக்கே நீண்ட பனை உத்திரம், அதைத் தாங்க நடுவில் ஒரு கல்தூண். பட்டறையை வீடாக்கியபோது, கூடம் விசாலமாக இருக்கட்டுமென்று தனபால் தூணை எடுத்துவிட்டார். வேண்டாமென்று தடுத்த அண்ணன் காத்தானோடு அன்றோடு பேச்சு நின்றது. போன மழைக்கு உத்திரம் விரிசல் விட்டதை மகளிடம் மட்டும் காட்டினார்.

"உங்க பெரியப்பனுக்குத் தெரிய வேண்டாம், சாமி. சரி பண்ணிக்கலாம்."

பண்ணுவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது.

கொல்லிமலைப் பக்கமிருந்து வந்த மழை வலுத்தது. பந்தலில் இருந்தவர்களெல்லாம் கூடத்துக்குள் நெருக்கியடித்து வந்தார்கள். ஓடுகள் நனைந்து கனத்துக்கொண்டிருந்தன. உத்திரத்துக்கு நேர் கீழே அவள் மகள் நிலா, மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். சண்முகப்பிரியா எழுந்து வாசலுக்குப் போனாள். காலையிலிருந்து காத்தான் அங்கேதான் நின்றார், உள்ளே வரவில்லை. அவர் காதருகே சொன்னாள்.

"பெரியப்பா, நீங்க சொன்னது மெய்தானுங்க. உத்திரம் விட்டுப்போச்சு."

காத்தான் ஒருமுறை மேலே பார்த்தார். சத்தம் போடுகிற மனிதர். இத்தனை பேர் முன்னால் அப்பாவை என்ன சொல்லப்போகிறாரோ என்று அவள் அவர் வாயையே பார்த்தாள். அவர் உள்ளே நடந்து போய், தம்பியின் தலைமாட்டில் கட்டில் சட்டத்தைப் பிடித்தார்.

"வெளிய தூக்குங்க. மழையில நனையறதுன்னா என் தம்பிக்கு உசுரு."

தூறலுக்கே குடை தேடுகிறவர் தனபால். இருந்தும் நாலு பேர் வந்து கட்டிலைத் தூக்கினார்கள். அந்த அகல வாசலில் கட்டில் சாயாமல் நேராக வெளியேறியது. பின்னாலேயே கூட்டமும் போனது. நிலாவின் கையை இழுத்துக்கொண்டு கடைசியாக வந்தாள் சண்முகப்பிரியா.

நாலு மணிக்கு ஆண்கள் உடலை எடுத்துக்கொண்டு போனார்கள். கிடத்தியிருந்த இடத்தைத் துடைத்து விளக்கு வைக்க வேண்டும். ஈரச்சேலையோடு வந்த அத்தை பாப்பாயியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, சண்முகப்பிரியா மட்டும் உள்ளே போனாள். மேலே மரம் மெல்ல முனகியது. துடைத்தாள். ஈரத் தீக்குச்சிகள் இரண்டு பற்றவில்லை, மூன்றாவது பற்றியது.

விளக்கைப் பார்க்கத் திரும்பி வருகிறவர்கள் உள்ளே வராமல் வாசலிலிருந்தே பார்க்கும்படி திரியைப் பெரிதாகத் தூண்டிவிட்டாள்.