மணல்திட்டில் விருந்து இல்லை

ஒனோரியோ எங்கள் தீவின் ஊர்த்தலைவர். என் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவர்; அந்த முறையில் ‘நினோங்’ என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பறவைச் சரணாலயத்தில் எனக்குக் காவல் வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். அதனால் எது கேட்டாலும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டுவேன் என்று நினைத்துவிட்டார்.

ஞாயிறு காலை அவர் படகு மணல்திட்டுக்கே நேராக வந்தது. படகில் செபு நகரத்திலிருந்து வந்த விருந்தாளிகள், முழுதாகச் சுட்ட பன்றி, ஆளுயரப் பாட்டுப்பெட்டி. திட்டு முழுக்க ஆலாப் பறவைகள் முட்டையிட்டிருந்தன. முட்டையும் மணல் நிறம்தான். மிதித்த பிறகுதான் தெரியும்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகின் முன்கயிற்றைப் பிடித்தேன். மறு கையால் அவர் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். கோபம் இருந்தாலும் மரியாதை மரியாதைதான்.

“நல்லா இரு தெல்மா. கயித்தை விடு.”

“இங்க இறங்கக் கூடாது, நினோங். குஞ்சு பொரிக்கிற நேரம். பார்வை மேடைக்கு வாங்க, பறவையெல்லாம் அங்கேருந்தே நல்லாத் தெரியும்.”

“பறவை பாக்கவா வந்தோம்? சாப்பிட வந்திருக்கோம்டி!”

“அப்ப வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க. பன்னி ஆறிடப் போகுது.”

படகோட்டி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒனோரியோவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“விருந்தாளிங்க முன்னாடி மானத்தை வாங்குறியா? இந்த வேலையை யாரு போட்டுக் குடுத்தது?”

“நீங்கதான். பத்திரமாப் பாத்துக்கோன்னுதானே போட்டுக் குடுத்தீங்க? பாத்துக்கிட்டிருக்கேன்.”

வாய் அப்படிப் பேசிவிட்டது. என் சம்பளம் நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அது அவருக்கும் தெரியும்.

அதற்குள் விருந்தாளி ஒருவர் ஒரு காலை வெளியே போட்டு இறங்கப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, படகை ஒரே தள்ளாகப் பின்னுக்குத் தள்ளினேன். மனிதர் பன்றியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நாளையிலேருந்து உனக்கு இங்க வேலை இல்ல!” என்று கத்தினார் ஒனோரியோ.

“சரி, நினோங். நாளைக்கு வரலை. இன்னைக்கு நான்தான் காவல். படகைத் திருப்பச் சொல்லுங்க.”

படகோட்டி அவர் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். அவர் சொல்லக் காத்திருக்காமல் படகைத் திருப்பினான்.