நெட்டேரித் தண்ணீர்

சுனந்தா வெள்ளைத் துணியை இரட்டையாக மடித்து அண்டாவின் வாயில் விரித்துப் பிடித்துக்கொண்டாள். அப்பாதுரை குடத்தைச் சாய்த்தார். நெட்டேரித் தண்ணீர் லேசான பச்சையாகத் துணியில் விழுந்து, கொஞ்சம் தயங்கி, உள்ளே இறங்கியது. பாசித் துணுக்குகளும், உற்றுப் பார்த்தால் துள்ளுகிற ஏதேதோ பூச்சிகளும் துணியின் மேல் தங்கின.

“கிணத்துத் தண்ணி இருக்குது, தெரியும் பாப்பா. மனசு கேக்கல. ஏரி ஏரின்னு கெடந்த மனுசன். அந்தத் தண்ணிலயே குளிப்பாட்டலாம்னு மொண்டாந்தேன்.”

“வடிகட்டாம ஊத்தக் கூடாது,” என்று உள்ளேயிருந்து அம்மா த்ரிசலாவின் குரல் வந்தது.

செத்தவருக்குக்கூடவா என்று யாரோ முணுமுணுத்தார்கள். நைனார் வீடுகளில், அதாவது தமிழ்ச் சமணர்களிடம், அப்படித்தான். வடிகட்டிய பிறகு துணியில் தங்கிய உயிர்களை, எடுத்த நீரிலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் அவை செத்துவிடும். அப்பா தர்மசந்திரன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக ஊர் ஊராக அலைந்த காலத்திலும் அந்தத் துணியைப் பையில் வைத்திருந்தவர். சுனந்தா துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்த சொம்புக்குள் பதமாக இறக்கி வைத்தாள்.

நிமிர்ந்தபோதுதான் அப்பாதுரையின் சட்டை கண்ணில் பட்டது. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஏரியை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நெல் போடுகிற அந்த மனிதர் சாவுக்கு இப்படி உடுத்தி வருகிறவர் இல்லை. அவள் வாசலைப் பார்த்தாள். கஸ்தூரி நல்ல சேலையில் நின்றாள். ஏரிக்குள் மாட்டுக்குப் புல் அறுக்கிறவள். அவளுக்குப் பின்னால் தெரு கொள்ளாத கூட்டம், முன்னால் நின்றவர்கள் எல்லோரும் துவைத்த துணியில். அப்பா வாடகைக்குப் பேசி வைத்திருந்த வேன் முனையில் நின்றது. ‘நெட்டேரியில் மண் கொட்டாதே’ என்ற துணி அதன் நெற்றியில் கட்டியபடியே இருந்தது.

அவர்கள் கூட்டத்துக்கென்று உடுத்தியவர்கள்.

இன்று பதினோரு மணிக்கு வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற வண்டிகளை நிறுத்த இடம் போதவில்லையாம். நெட்டேரியில் பாதியை மண் கொட்டி மேடாக்கப் போகிறார்கள். அந்தப் பாதியில்தான் கருவேல மரங்கள் நிற்கின்றன. மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டுவது அந்த மரங்களில்தான். ஊர்க்காரர்கள் வந்து வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னால் ஒழிய நிற்காது என்று அப்பா ஒரு மாதமாக வீடு வீடாக ஏறினார். அவரைக் கண்டாலே பாதிப் பேர் வேறு தெருவில் திரும்பினார்கள். “நாரைக்கு ஓட்டு இருக்குதா சார்?” என்று டீக்கடையில் கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் அதே கடைக்குப் போனார். நேற்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து, மண்டபத்தில் பேச வேண்டியதைச் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினார். விடியும்போது மூச்சு இல்லை.

யாருக்கென்று தனித்தனியாகச் சொல்வது என்று தெரியாமல், சுனந்தா அப்பாவின் போனை எடுத்து முதலில் இருந்த குழுவில் தகவலைப் போட்டாள். அது ஏரிக் குழு. உடலை அதிக நேரம் வைத்திருக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. ‘பதினோரு மணிக்கு எடுக்கிறோம்’ என்று எழுதினாள். ஒரு மாதமாக அப்பா அதே குழுவில் எழுதி வந்த அதே பதினோரு மணி.

“மாமா,” என்றாள். “கூட்டம்?”

அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டார். “வேன்ல ஏறிட்டோம் பாப்பா. மெசேஜ் வந்துச்சு. திருப்பிக்கினு வந்துட்டோம்.”

“இப்ப கெளம்பினாக்கூட போயிடலாம். நாங்க பாத்துக்குறோம். போங்க மாமா.”

யாரும் அசையவில்லை. த்ரிசலா வாசல்வரை வந்தாள். இன்னும் அழாத கண்கள். “எல்லாரும் போங்க,” என்றாள். “அவரு உங்களக் கூப்பிட்டது இங்க இல்ல.”

கஸ்தூரிதான் வாயைத் திறந்தாள். “சாவு வீட்டு வாசல மிதிச்சிட்டு, தலை முழுகாம கல்யாண மண்டபத்துல எப்பிடிம்மா காலு வைக்கிறது? எங்களால ஆவாதும்மா.”

“அவரத் தோள்ல தூக்காம அங்க போயி நின்னா எனக்கு வாயே வராதும்மா,” என்றார் அப்பாதுரை. முரட்டு மனிதர், விம்மி அழுதார்.

சுனந்தாவுக்கு அவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது. அதைவிடத் தன் மேல். இரண்டு மணி நேரம் பொறுத்துச் சொல்லியிருந்தால் அப்பா ஒன்றும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். உயிரோடிருந்தபோது ஒரு வேன் ஆளுக்கு மேல் சேர்க்க முடியாதவருக்கு இன்று ஊரே வந்திருந்தது.

பாடை தெரு முனையைத் தாண்டியபோது சுனந்தாவின் போன் அடித்தது. டவுன் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற அபிநயா. குழுவில் உள்ளூர்க்காரி அல்லாத ஒரே ஆள்.

“அக்கா, மண்டபத்துல நம்ம ஆளுங்க ஒருத்தரும் இல்ல. வேன் எங்க? சார் போன எடுக்கவே மாட்டேங்கறாரு.”

“மெசேஜ் பாக்கலியா?”

“வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன்கா. என்ன மெசேஜ்?”

“அப்பா போயிட்டாரு, அபிநயா.”

அந்தப் பக்கம் மைக் கரகரத்தது. யாரோ யார் பேரையோ வாசித்தார்கள். அபிநயா போனை வைத்துவிட்டாள்.

மறுபடி அவள் கூப்பிட்டபோது ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தார்கள். “பேசினேன்கா. நீ இந்த ஊரா, ஏரியில உனக்கென்ன பாத்தியம்னு கேட்டாங்க. நான் சொன்னத எழுதிக்கல. ஊர்க்காரங்க யாருக்கும் ஆட்சேபணை இல்லனு சொல்லி முடிச்சிட்டாங்க.” 

அப்பாதுரை குளித்துவிட்டு ஈரத்தோடு எதிரே நின்றார். வெள்ளைச் சட்டை சுருட்டிக் கையில் இருந்தது. “இன்னா ஆச்சு பாப்பா?”

“முடிஞ்சிடுச்சு மாமா.”

அவர் சட்டையை உதறிப் பார்த்துவிட்டு மறுபடி சுருட்டிக்கொண்டார்.

“சொம்பு அப்படியே இருக்குது,” என்றாள் த்ரிசலா. “பொழுது சாயறதுக்குள்ள வுட்டுட்டு வந்துடு.”

சுனந்தா சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். கரையில் ஒரு மாதமாகச் சும்மா நின்ற ஜேசிபியின் மேல் ஒருவன் ஏறிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் டீசல் ஊற்றினான். அவளைப் பார்த்து, சாவு வீட்டுப் பெண் என்று தெரிந்து, மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

கருவேல மரங்களில் நாரைகள் இருந்தன. குஞ்சுகள் ஓயாமல் கத்தின. அவள் முழங்கால் நனைய இறங்கி, துணியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மெல்லத் திருப்பினாள். உயரத்திலிருந்து கொட்டக் கூடாது. பாசி பிரிந்து போயிற்று. துள்ளியவை எங்கே போயின என்று தெரியவில்லை. சொம்பையும் இரண்டு முறை அலசிவிட்டாள்.

பின்னால் ஜேசிபி உறுமிப் பார்த்து நின்றது.

அவள் துணியைப் பிழியாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கரையேறினாள். வீடுவரை அது சொட்டிக்கொண்டே வந்தது.