மரை அளக்கிற இரும்பு

வேடியப்பன் பெண்டாட்டி அம்மாக்கண்ணு வருகிற வெள்ளிக்கிழமை கருப்பனோடு வாழப் போகலாம் என்று ஊர்க்கவுண்டர் முடிவு சொல்லியாகிவிட்டது. மலையில் இது புதிதல்ல. புருஷன் விட்டுவிட்டால் பெண் இன்னொருவனைக் கட்டிக்கொள்ளலாம். அவன் விட்டுவிட்டான் என்பதற்கு ஊர் வைத்திருந்த ஒரே அத்தாட்சி ஓர் இரும்புச் சாமான்.

லேத் பட்டறை வேலைக்கென்று ராணிப்பேட்டைப் பக்கம் போன வேடியப்பன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைப் பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். "ஏதோ சேதி சொன்னாரும்மா, மறந்துட்டேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டே கண்டக்டர் அதை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அரிவாளைக்கூடத் தரையில் வைத்து எடுத்துக்கொள்கிற ஊர் அது. இரும்பு கைக்குக் கை மாறினால் உறவு போய்விடும். "இரும்ப அனுப்பி ஒறவ அறுத்துக்கினான்" என்று ஊர் தீர்த்துச் சொன்னது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டது.

அம்மாக்கண்ணு மட்டும் ஒப்பவில்லை. "அது இன்னா சாமான்னு தெரிஞ்சவங்க சொல்லட்டும் மாமா. அதுல ஒண்ணும் இல்லன்னா வர்றேன்" என்று கருப்பனிடம் சொல்லிவிட்டாள்.

கருப்பனுக்கு அவள் மேல் ஆசை நேற்று வந்ததில்லை. வேடியப்பன் பெண் கேட்டுப் போவதற்கு முன்பே வந்தது. வாயைத் திறக்கத்தான் அவனுக்குத் துணிச்சல் இல்லை. திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஜமுனாமரத்தூர் சந்தையில் அவளைப் புளி மூட்டையோடு உட்கார வைத்துவிட்டு, மாவு மில் எஞ்சினைப் பழுது பார்க்க வந்திருந்த லட்சுமணனிடம் சாமானைக் கொண்டுபோனான். லட்சுமணன் கண்ணமங்கலத்துக்காரர், பழைய லேத் ஆள்.

"இது இன்னாங்க?"

லட்சுமணன் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பிரித்தார். உறைக்குள்ளிருந்து மெல்லிய தகடுகள் விசிறியாய் விரிந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரம்பப் பல். "த்ரெட் கேஜுங்க. போல்ட்டு மரைய அளக்கறது." ஒரு போல்ட்டை எடுத்துத் தகடுகளை ஒவ்வொன்றாய் வைத்துக் காட்டினார். நாலாவது இடுக்கில்லாமல் உட்கார்ந்தது. "பாத்தீங்களா, இதான் அளவு."

கருப்பனுக்கு மூச்சு வந்தது. வெறும் அளவுச் சாமான்தான்.

லட்சுமணன் உறையைத் திருப்பினார். "அட, இது நம்ம வேடியப்பன்து! பட்டறையில களவு போவக் கூடாதுன்னு அவனவன் தன் பேர ஆணியால புள்ளி புள்ளியா அடிச்சு வைப்பான். இவன் மட்டும் பொஞ்சாதி பேர அடிச்சான். அம்மாக்கண்ணு. எவ்ளோ கேலி பண்ணியிருக்கோம்!"

கருப்பனுக்கும் படிக்கத் தெரியாது, அம்மாக்கண்ணுவுக்கும் தெரியாது; அந்தப் புள்ளிகள் எழுத்து என்றே ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தான். "இப்ப எங்க கீறாருங்க?"

"எங்க ஊர்லதான். கண்ணுல இரும்புத் தூள் பட்டு பார்வ மங்கிடுச்சு. டீக்கடைக்குத் தண்ணி எடுத்து ஊத்தினு கீறான். மலைக்குப் போயேண்டான்னா, 'சாமான அனுப்பி, கண்ணு போச்சு, வந்து இட்டுனு போன்னு சொல்லி வுட்டேன், அவ வரல'ங்கறான்."

கருப்பன் சாமானை மடியில் கட்டிக்கொண்டு நடந்தான். மலையில் இது வேறு யாருக்கும் தெரியாது. மரை அளக்கிற சாமான் என்று சொன்னால் போதும், அது பொய்கூட இல்லை. வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள். வீட்டுக்குப் புதுக்கூரை போட்டாயிற்று. இத்தனை வருஷம் கேட்காத சாமி இப்போதுதான் கேட்டிருக்கிறது, அதையும் பிடுங்குவதா என்று அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

தூரத்திலேயே அவனைப் பார்த்துவிட்டு அம்மாக்கண்ணு எழுந்து நின்றாள். புளி ஒட்டிய கையை முந்தானையில் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அவள் பார்த்தது அவன் முகத்தை அல்ல, மடியை. தன்னை யாரும் இப்படிக் காத்திருந்து பார்த்ததில்லை என்று கருப்பனுக்குத் தோன்றியது.

"இன்னா மாமா சொன்னாரு?"

நிறுத்தினால் மீதியைச் சொல்ல மாட்டோம் என்று பயந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அவள் புளியை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணமங்கலம் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினாள்.

சந்தைக் கூட்டம் பஸ்ஸை மொய்த்தது. கருப்பன் ஆட்களை இடித்துத் தள்ளி, தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியாக எறிந்து இடம் பிடித்தான். அவள் ஏறி உட்கார்ந்ததும் சாமானைக் கொடுத்தான். பஸ் உறுமியது. அவள் துண்டை மடித்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"நீயே வச்சுக்கோ" என்றான் கருப்பன். "திரும்பி வரச்சே ரெண்டு சீட்டு புடிக்கணும்."