ஆறு வந்து போகும் தளம்

கடலூரில் கெடிலத்தின் கரையில் ஒரு அறக்கட்டளை கட்டிய ஓவிய அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர் என் கணவர் இளவரசு. பூச்சு வேலை நடக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போய்க் கட்டடத்தைப் பார்த்தேன்.

கீழ்த்தளத்தைக் காணோம்.

அதை அவர் சாலையைவிடத் தாழ்வாக வைத்திருந்தார். சுவர் கிடையாது, தூண்கள்தான். வெயில் காலத்தில் ஆட்கள் உட்காரலாம். வெள்ளம் வந்தால் ஆறு உள்ளே நுழைந்து அந்தப் பக்கமாக வெளியேறிவிடும். ஓவியங்கள் மாடியில். அடைத்தால் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குள் திரும்பும் என்பார். இப்போது அங்கே செம்மண் கொட்டி, தூண்கள் பாதி புதைந்திருந்தன.

காண்ட்ராக்டர் என் தம்பி கார்த்திகேசன்தான்.

“மாமா எங்கயோ தப்பு வுட்டுட்டாருக்கா. ரோட்டவிடப் பள்ளமா யாராவது கட்டுவாங்களா? தண்ணி பூந்தா காறித் துப்புவானுவ. செத்தவரு பேரு கெடக் கூடாதுன்னுதான் மண்ணடிச்சேன்.”

“தண்ணி வரணும்னுதான்டா வச்சாரு.”

“கட்டடத்துக்குள்ளயா?”

“பிளான்ல பாக்கலியா நீ?”

“பாத்தேன். தூக்கத்துல போட்டாரோன்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. சாலை உயரும்போதெல்லாம் வீட்டையும் உயர்த்துகிற ஊர் எங்களுடையது. ஆனால் அவர் கடைசியாகச் செய்த வேலை இது. அவர் நினைத்தபடி அது நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மண்ணை அள்ளச் சொன்னேன். திறப்பு விழா தள்ளிப்போனது. என்னோடு பேசாமலே அள்ளி முடித்தான்.

ஐப்பசியில் ஆறு ஏறியது. வடிந்த மறுநாள் இருவரும் போனோம். தளம் முழுக்கச் சேறு. தூண்களில் ஆகாயத்தாமரை சுற்றியிருந்தது. பக்கத்துத் தெரு புஷ்பவள்ளி எதிரில் இட்லிக்கடை போட்டிருந்தார்.

“மொத மழைக்கே பூந்துடுச்சி பாரு! எந்தப் புண்ணியவான் கட்டுனானோ, கண்ண மூடிக்கிட்டுக் கட்டியிருக்கான்.”

தம்பி சண்டைக்குக் கிளம்பினான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“உங்க வூட்டுக்குள்ள வந்துச்சாங்க?” என்று கேட்டேன்.

“வருசா வருசம் வரும். இந்தத் தடவ வாசலோட நின்னுடுச்சி. எல்லாம் எங்க மாரியம்மன் புண்ணியம்.”

தம்பி என்னைப் பார்த்தான்.

“சொல்லட்டாக்கா?”

“வேணாம். மொதல்ல இந்தச் சேத்த அலச ஆளக் கூப்புடு” என்றேன்.