தூக்கிச் செல்லும் மறைப்பு

நிமலன் தன் கையால் செய்தவற்றில் மிகவும் பெருமைப்பட்டது அந்த மறைப்பைப் பார்த்துத்தான். இப்போது யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் காறித் துப்பிவிட்டு எழுந்து போய்விடுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. கேட்டால் நீங்களும் துப்புவீர்கள்.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவனுக்குத் தண்ணீர்க் குழாய் பார்க்கிற வேலை. ஊற்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரும் குழாய் எங்கே உடைந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் எட்டாம் நம்பர் மலையில் காட்டுப்பன்றிகள் பண்ணாத அட்டகாசமில்லை. லயத்து ஆட்கள் நட்டிருந்த மரவள்ளியை ஒரு மூடு விடாமல் கிளறிப் போட்டுவிட்டன. கொழுந்து மலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் பன்றி சுடுகிற பெர்மிட் துவக்கு இருந்தது. அவர் மரத்தில் பரண் கட்டிப் பார்த்தார். இரண்டே நாளில் பன்றிகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவை இடம் மாறினால் தானும் கூடவே மாற வேண்டும், ஒற்றை ஆளாகத் தூக்கிப் போகிற மாதிரி ஒரு மறைப்புச் செய்து தா என்று நிமலனிடம் கேட்டார்.

நாலு நாள் அவனுக்கு அதே யோசனை. சோற்றில் கை வைத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் அரை அங்குலக் குழாயை வெட்டி நாலு சட்டம் செய்தான். கம்பியும் ஆணியும் சத்தம் போடும் என்று சட்டங்களைப் பழைய சைக்கிள் டியூப்பால் பிணைத்தான். அது கதவுபோல மடிந்தது. நாற்றுமேடையில் கிழிந்து கிடந்த பச்சை வலையை மேலே போர்த்தி, ஆளுயரம் வளரும் மானாப்புல்லைப் பிடிபிடியாகச் செருகினான். உட்கார்ந்தால் கண் வருகிற உயரத்தில் நாலு பக்கமும் கையகலத் திறப்பு. அடியில் தரை கிடையாது, முளை அடிக்கவும் வேண்டாம். உள்ளே இருப்பவரே கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், மடித்தால் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். ஏழு கிலோகூட வராது. மனித வாடை தெரியக்கூடாதென்று பன்றி விட்டையைச் சேற்றில் கரைத்து வெளியே பூசினான். அந்த நாற்றம் மூன்று நாள் அவன் நகத்தை விட்டுப் போகவில்லை. இந்தக் கையாலா சோறு தின்கிறீர்கள் என்று அவன் மனைவி விஜயலெட்சுமி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

முதல் வாரத்திலேயே கண்டாக்கையா ஒரு பெரிய பன்றியைச் சுட்டார். நிமலனுக்கு ஒரு தொடை வந்தது. ஊரே அவன் கைவேலையைப் பேசியது.

ஆனால் அப்போது அவனை அரித்துக்கொண்டிருந்த கவலை வேறு. விஜயலெட்சுமி கொழுந்து எடுப்பவள். அதற்கு இரண்டு மாதம் முன்பு சிறுநீர்ப் பாதையில் கிருமி ஏறி, காய்ச்சலும் இடுப்பு வலியுமாகப் பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தாள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக்கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னி தாங்காது என்று டொக்டர் நிமலனைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து காலையில் இரண்டு போத்தல் தண்ணீரை அவனே நிரப்பிக் கொடுப்பான். மாலையில் வெறும் போத்தல் வரும். அவள் முகத்தில் மெல்ல மெல்லத் தெளிச்சி வந்தது.

அந்த மாதக் கடைசியில் கண்டாக்கையா அவனைக் கூப்பிட்டு, ஐந்தாம் நம்பர் மலைக்குக் கீழே உள்ள ஓடைப் பள்ளத்தில் மறைப்பைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பன்றிகள் பகலில் அங்கே தண்ணீருக்கு வருகின்றனவாம். பகலில் வருமா ஐயா என்று நிமலன் ஒரு தடவை கேட்டான். வருகிறது, நீ வை என்றார். படித்த மனிதர் சொல்கிறார், வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், நமக்கென்ன என்று இவனும் அன்று மாலையே மறைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். மானாப்புல்லுக்கு நடுவே பார்த்துப் பார்த்து வைத்தான். ஓடை நன்றாகத் தெரிகிற மாதிரி திறப்பைக்கூட அவனே சரிசெய்து கொடுத்தான். அந்தப் பள்ளத்தில் எந்தக் கல்லுக்கடியில் ஊற்று இருக்கிறது, எந்த வடிகால் கான் எங்கே போய் விழுகிறது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பகலில் அங்கே யார் வருவார்கள் என்பது மட்டும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து ஒரு போத்தல் நிரம்பியபடியே திரும்பி வந்தது. மறுநாள் இரண்டும் அப்படியே வந்தன. நிமலன் கத்தினான். உன் உடம்பு, உன் கிட்னி, நான் என்ன காவலா இருக்க முடியும் என்று வாய்க்கு வந்ததைப் பேசினான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் விடியும்போது அவளுக்கு உடம்பு கொதித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தாள். முதல் பஸ்ஸிலேயே பதுளைக்குப் போவோம் என்று அவன் சட்டையை மாட்டினான். ஏன் குடிக்கவில்லை என்று இன்னொரு தடவை கேட்டான். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"குடிச்சா போகணும். போறதுக்கு அந்தப் பள்ளந்தான் இருக்கு. அங்கதான் நீங்க கூண்டு வச்சிருக்கீங்களே."

கண்டாக்கையா எந்நேரமுமா அங்கே இருக்கிறார், பன்றிக்குத்தானே வைத்தது என்று அவன் ஏதோ சொல்ல வந்தான்.

"உள்ள ஆளு இருக்கு. சென்ட் வாடை அடிக்குது. முந்தாநாளு போன் அடிச்சிச்சு. நாங்க இடத்த மாத்தி மேக்கால போனோம். மறுநாளு கூண்டும் மேக்கால வந்திருச்சு."

நிமலன் வெளியே ஓடிப்போய்க் கானில் வாந்தி எடுத்தான். ஒற்றை ஆளாகத் தூக்கிப் போகிற மாதிரி என்று கேட்டது எதற்கென்று இப்போது விளங்கியது. தின்ற பன்றித் தொடையெல்லாம் தொண்டைக்கு வருவதுபோல இருந்தது. பன்றியின் விட்டையைக் கையில் அள்ளியபோதுகூட அவனுக்கு இவ்வளவு அசிங்கமாக இருந்ததில்லை.

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தேடினான். விஜயலெட்சுமி எழுந்து வந்து கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அடித்தால் வேலை போகும், வேலையோடு குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும், அப்புறம் பிள்ளைகளோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"நாங்க பாத்துக்கிறோம். அத எப்புடித் தூக்குறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் சொன்னான். வெளியே நாலு மூலையிலும் முழங்கால் உயரத்தில் குழாய் வளைவு இருக்கிறது, புல்லை விலக்கிவிட்டு அதைப் பிடித்து ஒரே மூச்சில் மேலே தூக்கினால் போதும் என்றான். ஆஸ்பத்திரிக்குப் பத்து மணிக்கு மேலே போகலாம் என்று காய்ச்சலோடு இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அவள் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்விட்டாள். என்ன சொல்லியும் கேட்கவில்லை.

நிமலன் குழாய் பழுதுபார்க்கிற மாதிரி ஐந்தாம் நம்பர் மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டான். ஒன்பதரை மணிபோல இராக்கம்மா தனியாகப் பள்ளத்தில் இறங்கினாள். கொழுந்து நிறுக்கும்போது அரைக்கிலோ குறைந்தாலும் விடாமல் சண்டை பிடிப்பவள் அவள். அன்றைக்கு ஒன்றும் தெரியாதவள்போல ஓடையோரம் போய் நின்றாள். விஜயலெட்சுமியும், கூடக் கொழுந்தெடுக்கும் தனலெட்சுமியும் பெரியாயியும் மேட்டுப் பக்கமாகச் சுற்றி இறங்கி ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். இராக்கம்மா சட்டென்று திரும்பி நாலாவது மூலையைப் பிடித்தாள். மறைப்பு இலேசாக மேலே போனது.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் கண்டாக்கையா உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் போன், மடியில் பிஸ்கட் பக்கெற். மேலே நாற்பது பெண்கள் தேயிலைக்கு நடுவில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை நேரத்தில் யார் எத்தனை நிமிடம் மலையை விட்டுப் போகிறார்கள் என்று பார்ப்பது தன் கடமை என்றார் அவர். சொல்லும்போது வாயோரத்தில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது.

"பன்னிக்குன்னு வந்தீங்களே, தொவக்கு எங்கங்க ஐயா?" என்றாள் இராக்கம்மா.

துவக்கு அங்கே இல்லை. அவர் எழுந்து மலையேறினார். பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தியும் அவரைத் தொடவில்லை, தொட அவர்களுக்குக் கூசியது. ஒவ்வொருத்தியாக முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

மறைப்பை அவர்களே தூக்கிக்கொண்டு போய் மலையோரத்து டர்பன்டைன் மரத்தடியில் வைத்தார்கள். அன்றிலிருந்து அதுதான் அவர்களுக்குக் கக்கூசு. கொழுந்து எடுக்கிற மலை மாறினால் கூடவே அதுவும் போகும். ஐயாவின் சாமானைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆபீசிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றாள் இராக்கம்மா. எவரும் வரவில்லை. கண்டாக்கையாவை வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அங்கேயும் பெண்கள்தான் கொழுந்து எடுக்கிறார்கள். நினைத்தால் நாக்கூசுகிற வார்த்தைதான் வாயில் வருகிறது.

அன்று மதியமே விஜயலெட்சுமியைப் பதுளையில் சேர்த்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டொக்டர். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் நிமலன் குழாயும் வலையும் வாங்கி வைத்திருந்தான். பழையதில் திறப்புகளை எல்லாம் தைத்து மூடிவிட்டான், எட்டாம் நம்பர் மலைக்கும் ஒன்று செய்யப்போகிறான், இதற்கு நல்ல கதவும் வைக்கப்போகிறான். ஆசையாக எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அவள் மெச்சுவாள் என்று நினைத்தான்.

"பன்னியச் சுடுறதுக்கு நாலு நாளு சோறு தண்ணியில்லாம யோசிச்சீங்க" என்றாள் அவள். "பதினேழு வருசமா நான் மலைக்குப் போறேன். பகல்ல எங்க போறேன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

அவன் கையில் குழாய் அறுக்கிற வாள் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் கண்டாக்கையாவை நினைத்துத் துப்பியவனுக்கு அன்றுதான் தன்மேலேயே அருவருப்பு வந்தது.