கை கழுவிய நீர்

அனுராதா கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தபோது, தேவதாசன் ஒரு கண்ணாடித் தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்ணார்பேட்டையில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் கிருமிச் சோதனை முழுவதும் அவர் பொறுப்பு. அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நாலாம் கட்டில் கைலாசத்தின் சோதனை முடிவைக் கேட்க வந்திருந்தாள்.

கைலாசம் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து, தொண்ணூற்றாறில் ஓய்வு பெற்றவர். அந்த வருஷமே குடற்புண் வெடித்து இங்கே வந்து சேர்ந்தார். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. மூச்சுவிட வைத்த குழாயை எடுத்துவிடலாம் என்றிருந்த ஐந்தாம் நாள் காய்ச்சல் தூக்கியடித்தது. அதே மாதம் அவருக்கு முன்னால் இரண்டு பேருக்கு இப்படி ஆகியிருந்தது. வந்த நோய் தணிந்து, வந்த இடத்தில் ஒட்டிக்கொண்ட காய்ச்சலில் இருவருமே போய்விட்டார்கள்.

தட்டில் கிருமி பாலாடை போலப் படர்ந்திருந்தது. அதன்மேல் பன்னிரண்டு மருந்து வில்லைகள். கிருமி அடங்கினால் வில்லையைச் சுற்றி ஒரு வட்டம் தெளிந்திருக்க வேண்டும். ஒன்றைச் சுற்றியும் தெளியவில்லை.

"ஒரு மருந்துக்கும் கேக்கல சிஸ்டர்," என்றார் தேவதாசன். "அந்த ரெண்டு பேருக்கு வந்ததும் இதேதான்."

படியேறும்போது அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று பேருக்கும் சளி உறிஞ்சியது, குழாய் மாற்றியது எல்லாம் பெரும்பாலும் அவள்தான். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேனோ என்ற நினைப்பு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

ஒரு நோயாளியை விட்டு இன்னொருவரைத் தொடுமுன் கையை முக்கியெடுக்க, வாசலருகே ஒரு பேசினில் கிருமிநாசினி கலந்த தண்ணீர் இருக்கும். அன்றிலிருந்து ஒரு தடவைக்கு மூன்று தடவை முக்கினாள். விரலிடுக்கில் தோல் வெடித்தது. வீட்டில் ஒன்றரை வயது மகள் ப்ரீதா கை நீட்டி ஓடி வந்தால் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். புருஷன் கணேஷ்ராம் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மூன்றாம் நாள் தாங்க முடியாமல், வேலைக்கு நடுவே தேவதாசன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"எங்கிட்ட இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. யாருக்கும் தெரிய வேண்டாம்."

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, இருக்கிறது என்றார். அவர் அவளை உட்காரவைத்து, சோதனைக்குக் கை நீட்டிய அன்று கடைசியாகக் கையை எதில் வைத்தாள் என்று கேட்டார். பேசினில் என்றாள்.

அவர் மேலே வந்து பேசின் தண்ணீரிலும், அதை ஊற்றும் பெரிய கேனிலும் கொஞ்சம் எடுத்துப் போனார். இரண்டிலும் அதே கிருமி வளர்ந்தது. கேனை ஒருநாளும் காலி செய்து கழுவியதில்லை. மிச்சத்தின் மேலேயே மருந்தும் குழாய்த் தண்ணீருமாக மாதக்கணக்கில் ஊற்றி வந்திருந்தார்கள். கொல்ல வேண்டிய மருந்துக்குள்ளேயே கிருமி குடியிருந்திருக்கிறது. பயந்து பயந்து அவள் முக்கிய ஒவ்வொரு தடவையும் அதைத்தான் கையில் பூசிக்கொண்டு கைலாசத்திடம் போயிருக்கிறாள்.

பெரிய டாக்டர் அன்றே கேனைத் தூக்கி எறியச் சொன்னார். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எல்லோரும் கைவிட்டிருந்த, அந்தப் பன்னிரண்டில் இல்லாத ஒரு பழைய மருந்தை மதுரையிலிருந்து வரவழைத்தார். விஷயம் வெளியே போனால் வேலை போகும் என்றும் சொல்லிவைத்தார்.

ஆறாம் நாள் கைலாசத்துக்குக் காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகம் பாதி பழுதானாலும் உயிர் பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி பாலம்மாள் அனுராதாவை வராந்தாவில் நிறுத்தினாள்.

"எங்க வீட்டுக்காரவுக வயித்துவலியோடல்லா வந்தாவ. இந்தக் காய்ச்சல் எங்கன இருந்து வந்துச்சு? மறைக்காமச் சொல்லு தாயி."

அனுராதா திரும்பி, பெரிய டாக்டரின் அறைக்கதவைப் பார்த்தாள். பிறகு கேனிலிருந்து தன் கை வரைக்கும், முன்னால் இறந்த இருவரையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னாள். அடிப்பாள், அலறுவாள் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். பாலம்மாள் அதைச் செய்யவில்லை.

"செத்துப்போன ரெண்டு பேரு வீட்டுலயும் சொல்லியாச்சா?"

இல்லை என்று அனுராதா தலையசைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, இறந்தவர்களில் ஒருவரின் விலாசத்தைப் பதிவேட்டிலிருந்து எழுதி எடுத்துக்கொண்டு கங்கைகொண்டானுக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றே இருந்தது. கதவைத் திறந்த பெண் ஒரு கணம் யோசித்து அடையாளம் கண்டுகொண்டாள்.

"எங்க அய்யாவைப் பாத்துக்கிட்ட சிஸ்டருல்லா? உள்ள வாங்க," என்று நாற்காலி போட்டாள். கடைசிவரை நல்லாப் பார்த்துக்கொண்டீர்கள் என்று அவளே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அனுராதா உட்காரவில்லை.

"அய்யாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்மா," என்று தொடங்கினாள்.